புதிய மடிக்கணினிக்கு மாறும்போது வைரஸ் தடுப்பு மென்பொருளை என்ன செய்வது?

கணினி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என்னுடைய பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 இயங்குகிறது. அதற்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று சொல்லி, என் மகன் விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கித் தந்திருக்கிறான். பழையதில் மூன்று கருவிகளுக்கான வைரஸ் தடுப்புச் சந்தா இருக்கிறது; அது முடிய இன்னும் எட்டு மாதங்கள் உள்ளன. அதை மாற்ற முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் கூறுகிறார். அந்த மென்பொருளின் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்துப் புதியதில் போட்டுப் பார்த்தேன், திறக்க மறுக்கிறது. புதிய மடிக்கணினியிலோ வேறொரு நிறுவனத்தின் சோதனைப் பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. நான் கட்டிய பணம் வீணாகிவிடுமா?
— ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, உங்கள் பணம் வீணாகாது. கடையில் பெட்டியாகவோ அட்டையாகவோ வாங்கிய சந்தாவையும், நிறுவனத்தின் அகப்பக்கத்தில் நேரடியாக வாங்கிய சந்தாவையும் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். உங்களுடையது மூன்று கருவிகளுக்கானது என்பதால், மற்ற இரண்டு இடங்களில் ஒன்று காலியாக இருந்தாலும் போதும், பழையதை விலக்காமலேயே புதியதைச் சேர்த்துவிடலாம். கணினி வாங்கும்போதே அதனுடன் இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கப்படும் சில சந்தாக்கள் மட்டும் அந்தக் கணினியோடு கட்டுண்டவை. கடைக்காரர் அதை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய சந்தாவுக்கு அது பொருந்தாது.

கோப்புறையை நகலெடுத்தால் ஏன் திறக்கவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கோப்புறைக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. நிறுவும்போது அது விண்டோஸின் மையப்பகுதியில் தன் இயக்கிகளை (டிரைவர்களை) பதித்து, பின்னணிச் சேவைகளைத் தொடங்கி, விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கான பதிவுகளை எழுதி, எந்தக் கணினியில் இயங்குகிறது என்பதையும் தன் நிறுவனத்தின் வழங்கியில் (சர்வரில்) பதிந்துகொள்கிறது. எனவே நீங்கள் புதிய கணினிக்கு எடுத்துச் செல்ல வேண்டியது மென்பொருளை அன்று. மீதமுள்ள எட்டு மாதச் சந்தாவைத்தான். அந்தச் சந்தா இருப்பது உங்கள் மடிக்கணினியில் இல்லை, அந்த நிறுவனத்தில் உங்கள் பெயரில் உள்ள கணக்கில். நார்ட்டன் என்றால் மை நார்ட்டன், கஸ்பர்ஸ்கி என்றால் மை கஸ்பர்ஸ்கி, இசெட் என்றால் இசெட் ஹோம், பிட்டிஃபெண்டர் என்றால் பிட்டிஃபெண்டர் சென்ட்ரல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அகப்பக்கம் உண்டு.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கடையில் நிறுவித் தந்த ஊழியர் கணக்கைத் தம்முடைய மின்னஞ்சலிலோ கடையின் மின்னஞ்சலிலோ தொடங்கிவிட்டிருப்பார். வாங்கியவருக்குக் கணக்கு ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே, பழைய மடிக்கணினியை யாருக்கும் கொடுப்பதற்கு முன், அதில் எதையும் அழிப்பதற்கு முன், வைரஸ் தடுப்பைத் திறந்து ‘மை அக்கவுண்ட்’ அல்லது ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்ற பகுதிக்குச் சென்று, எந்த மின்னஞ்சல் முகவரி காட்டப்படுகிறது, எந்த நாளில் சந்தா முடிகிறது, எத்தனை கருவிகள் பயன்பாட்டில் உள்ளன என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முகவரி உங்களுடையதாக இருந்தால் கடவுச்சொல் மறந்துபோயிருந்தாலும் கவலையில்லை, மீட்டுக்கொள்ளலாம். உங்களுடையதாக இல்லாவிட்டால், வாங்கியபோது கிடைத்த செயற்படுத்தல் குறியீட்டைத் தேடுங்கள். கஸ்பர்ஸ்கியில் அது ஐந்து ஐந்து எழுத்துகளாக நான்கு தொகுதிகள் கொண்ட 20 எழுத்துக் குறியீடு. நார்ட்டனில் 25 எழுத்துகள். அதுவும் வாங்கிய ரசீதும் கையில் இருந்தால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் சொல்லிச் சந்தாவை உங்கள் பெயரிலேயே பதிவுசெய்யக் கேட்கலாம்.

பழையதிலிருந்து இன்னும் சிலவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வைரஸ் தடுப்புடன் வரும் கடவுச்சொல் பெட்டகத்தை நீங்கள் பயன்படுத்தியிருந்தால், அதைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று இப்போதே சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் அந்த ஒரு கடவுச்சொல்லை அவர்களாலேயே மீட்டுத் தர முடியாது. பெட்டகம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டுள்ளது. அடுத்தது, வைரஸ் தடுப்பு சோதிக்காமல் விட்டுவிட வேண்டியவற்றைக் கொண்ட விதிவிலக்குப் பட்டியல். தமிழில் தட்டச்சு செய்வோருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பழைய தமிழ் விசைப்பலகைச் செயலிகள் நாம் தட்டும் விசைகளை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றுபவை. கடவுச்சொல் திருடும் நச்சுநிரலும் விசைகளை இடைமறிப்பதால், வைரஸ் தடுப்பு சில வேளைகளில் இந்தச் செயலிகளையும் ஐயத்தோடு பார்க்கும். நீங்களோ உங்கள் மகனோ அப்படியொரு செயலியை விதிவிலக்கில் சேர்த்திருந்தால், அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் புதிய கணினியில் அந்தச் செயலியைப் பழைய பென்டிரைவிலிருந்து போடாமல், அதை உருவாக்கியவரின் அகப்பக்கத்திலிருந்தே எடுங்கள். விண்டோஸ் 11இல் தமிழ் விசைப்பலகைகள் உடன்வருவதால், பலருக்குத் தனிச் செயலி தேவைப்படாமலே போகலாம். தனிமைப்படுத்தப்பட்ட கோப்புகள் என்று பழைய வைரஸ் தடுப்பு பூட்டி வைத்திருப்பவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் விடுவித்துப் புதியதற்குக் கொண்டுபோக வேண்டாம்.

இனி புதிய மடிக்கணினி. அதில் இருக்கும் சோதனைப் பதிப்பை நீக்கிவிட்டால் கணினி பாதுகாப்பின்றி நிற்குமோ என்று அஞ்ச வேண்டாம். விண்டோஸுடன் உடன்வரும் டிஃபெண்டர், வேறு வைரஸ் தடுப்பு வந்தவுடன் ஒதுங்கிக்கொள்ளும். அது நீங்கியவுடன் தானே மீண்டும் பணிக்கு வந்துவிடும். எனவே முதலில் விண்டோஸ் அப்டேட்டை முழுமையாக ஓடவிட்டு, மறுதொடக்கம் செய்து, ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ என்ற வரிசையில் சென்று சோதனைப் பதிப்பை நீக்குங்கள். நீக்கிய பிறகும் ஒரு மறுதொடக்கம் கட்டாயம். சில மென்பொருள்கள் இயக்கிகளில் எச்சங்களை விட்டுச் செல்லும். மெக்காஃபி, நார்ட்டன், கஸ்பர்ஸ்கி, அவாஸ்ட் ஆகிய ஒவ்வொன்றும் தத்தம் எச்சங்களைத் துடைப்பதற்கென்றே இலவச நீக்குக் கருவிகளைத் தருகின்றன. நீக்கப்படும் மென்பொருள் எந்த நிறுவனத்துடையதோ அந்த நிறுவனத்தின் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சோதனைப் பதிப்பும் கிடக்கட்டும், நம்முடையதையும் மேலே நிறுவிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இரண்டு வைரஸ் தடுப்புகள் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கோப்பையும் திறக்குமுன் நிறுத்திச் சோதிக்க முயன்றால் கணினி ஊர்ந்து செல்லும், சில வேளைகளில் நீலத்திரையோடு நின்றேவிடும். இந்த மென்பொருள்கள் விண்டோஸின் மையத்தில் எவ்வளவு ஆழமாக அமர்ந்திருக்கின்றன என்பதற்கு 19 ஜூலை 2024 நல்ல சான்று. கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரே புதுப்பிப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் செயலிழந்தன. விமான நிலையங்கள் பலவற்றில் பயணிகள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒன்றே ஒழுங்காக இயங்கட்டும்.

அதன்பின் உங்கள் கணக்கில் நுழைந்து, அங்கேயுள்ள பதிவிறக்கப் பொத்தானிலிருந்து மென்பொருளை இறக்கி நிறுவுங்கள். அகப்பக்க முகவரியை நீங்களே தட்டுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்க வேண்டாம், ஏனெனில் போலிப் பதிவிறக்கப் பக்கங்கள் விளம்பரமாகவே மேலே வந்து அமர்கின்றன. பழைய குறுந்தட்டு இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். அதில் இருப்பது நீங்கள் வாங்கிய ஆண்டின் பதிப்பு. நிறுவும்போது புதிய குறியீடு கேட்டால் எதையும் வாங்காதீர்கள். ‘எனக்கு ஏற்கெனவே சந்தா இருக்கிறது’ என்ற பொருள்படும் இணைப்பு அதே திரையில் சிறிய எழுத்தில் இருக்கும். வாங்கும் பொத்தானோ பெரிதாக, வண்ணமாக இருக்கும். கருவிகளின் எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று வந்தால், கணக்கில் உள்ள கருவிப் பட்டியலில் பழைய மடிக்கணினியை விலக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

நிறுவ மறுத்தால், புதிய மடிக்கணினியின் இயல்பை ஒருமுறை பாருங்கள். விலை குறைந்த சில மடிக்கணினிகளில் விண்டோஸ் ‘எஸ் மோட்’ என்ற நிலையில் வரும். அந்நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளைத் தவிர வேறெதையும் நிறுவ இயலாது. அதிலிருந்து கட்டணமின்றி வெளியேறலாம், ஆனால் திரும்பிச் செல்ல வழியில்லை. இன்னொன்று, 2024 நடுப்பகுதியிலிருந்து கடைகளில் கூடுதலாகத் தென்படும் ஸ்னாப்டிராகன் நுண்செயலி (பிராசசர்) கொண்ட மடிக்கணினிகள். அவற்றின் கட்டமைப்பு ஏஆர்எம் வகையைச் சேர்ந்தது. சாதாரண மென்பொருள்களை அவை மொழிமாற்றி ஓட்டிவிடும். ஆனால் விண்டோஸின் மையத்தில் இயக்கி பதிக்கும் மென்பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே உங்கள் வைரஸ் தடுப்பு நிறுவனம் ஏஆர்எம்முக்கென்று தனிப் பதிப்பு வெளியிட்டிருக்க வேண்டும். கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா கணினி அங்காடியில் மடிக்கணினி பார்க்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நிறுவியபின், நச்சுநிரல்களை இனங்காண உதவும் அடையாளக் கோப்புகளைப் புதுப்பித்து, ஒருமுறை முழுச் சோதனை ஓட்டுங்கள். முதல் சோதனைக்கு மணிக்கணக்கில் ஆகும். அடுத்தடுத்த சோதனைகள் விரைவாக முடியும். பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் உள்ள வெளிநிலை வன்தட்டை இதெல்லாம் முடிந்த பிறகே செருகி, முதலில் வன்தட்டைச் சோதித்து, பின்னர் கோப்புகளை நகலெடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. பழைய கணினியில் உறங்கிக்கொண்டிருக்கும் நச்சுநிரல் புதியதற்குள் நுழைவது பெரும்பாலும் இந்த நகலெடுப்பின்போதுதான். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘மேனேஜ் ப்ரொவைடர்ஸ்’ என்பதைச் சொடுக்கினால், எந்த வைரஸ் தடுப்பு இப்போது பணியில் இருக்கிறது என்று விண்டோஸே பெயர் சொல்லிக் காட்டும். அதற்கும் மேல் உறுதி வேண்டுவோர் ‘ஐக்கார்’ சோதனைக் கோப்பைப் பதிவிறக்கிப் பார்க்கலாம். இது 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத கோப்பு. வைரஸ் தடுப்புகள் விழித்திருக்கின்றனவா என்று அறியவே உருவாக்கப்பட்டது. சரியாக இயங்கும் மென்பொருள் அதைப் பார்த்தவுடன் தடுத்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது அதே கணினிதான், அதில் விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறப் போகிறேன். வைரஸ் தடுப்பை முன்கூட்டியே நீக்க வேண்டுமா? மேலும், அது தினமும் ‘மேம்படுத்துக’ என்று ஒரு பெட்டியைக் காட்டிப் பணம் கேட்கிறது. பணம் கட்டாவிட்டால் பழைய பதிப்பிலேயே நின்றுவிடுவேனா?
— வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: நின்றுவிட மாட்டீர்கள். சந்தா நடப்பில் இருக்கும்வரை மென்பொருளின் புதிய பதிப்பும் அன்றாட அடையாளக் கோப்புகளும் அதற்குள்ளேயே அடங்கும். முன்னணி நிறுவனங்கள் எல்லாம் இப்படித்தான் நடத்துகின்றன. உங்களிடம் பணம் கேட்கும் பெட்டி காட்டுவது புதிய பதிப்பை அன்று, விலை கூடிய அடுத்த தொகுப்பை. அதில் விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணையத்தில் நுழைவதுபோல் காட்டக்கூடிய சேவை), கடவுச்சொல் பெட்டகம், பிள்ளைகளின் கணினிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வசதி, இணையச் சேமிப்பிடம் போன்றவை கூடுதலாக வரும். நச்சுநிரலைக் கண்டுபிடிக்கும் பொறி பெரும்பாலும் மலிவான தொகுப்பிலும் விலையுயர்ந்த தொகுப்பிலும் ஒன்றேதான். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்து கட்டுப்பாட்டு வசதி உண்மையிலேயே தேவைப்பட்டால் மேல் தொகுப்புக்குப் போங்கள். பெட்டி தொல்லை தருகிறது என்பதற்காக மட்டும் போக வேண்டாம். அந்தப் பெட்டிகளை நிறுத்துவதற்கு, அமைப்புகளில் அறிவிப்புகள் அல்லது சிறப்புச் சலுகைகள் என்ற பகுதியில் பெரும்பாலும் வழி இருக்கும்.

கண்டுபிடிக்கும் திறனை ஒப்பிட விரும்பினால், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரு சோதனைக் கூடங்களின் முடிவுகளை அவற்றின் அகப்பக்கங்களில் இலவசமாகப் படிக்கலாம். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 என 18 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறது. அண்மைய ஆண்டுகளில் விண்டோஸின் டிஃபெண்டரும் அந்தப் பட்டியலில் நல்ல மதிப்பெண் பெற்று வருகிறது. இணைய வங்கி, மின்னஞ்சல், வருமான வரிப் படிவம் ஆகியவற்றோடு நின்றுகொள்ளும் வாசகர் ஒருவர், சந்தா முடிந்தபின் டிஃபெண்டரோடு இருந்துகொள்ள முடிவு செய்தால், அது தவறான முடிவு என்று நான் சொல்ல மாட்டேன்.

விண்டோஸ் மாற்றத்தைப் பொறுத்தவரை, முதலில் வைரஸ் தடுப்பை அதன் அண்மைப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள்; அது விண்டோஸ் 11க்கு ஏற்றதாக இருந்தால் நீக்கத் தேவையில்லை. நிறுவல் நடுவில் ஏதேனும் மென்பொருளை நீக்கச் சொன்னால் நீக்கிவிட்டு, மாற்றம் முடிந்தபின் கணக்கிலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளலாம், நாள்கள் குறையாது. உங்கள் கணினியில் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், மைக்ரோசாஃப்ட் ஏற்கும் நுண்செயலி ஆகியவை இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 13 அக்டோபர் 2026 வரை திருத்தங்கள் உண்டு. ஓட்டையுள்ள விண்டோஸின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த வைரஸ் தடுப்பை வைத்தாலும் அந்த ஓட்டை அடைபடாது. ஆகவே இரண்டில் எதற்கு முதலிடம் என்று கேட்டால், விண்டோஸுக்குத்தான்.

புதுப்பிக்கும் காலம் வரும்போது விலையையும் கவனியுங்கள். முதல் ஆண்டுக்குத் தள்ளுபடி கொடுத்து, தானியங்கிப் புதுப்பிப்பில் முழு விலையையும் கடன்பற்று அட்டையிலிருந்து எடுத்துக்கொள்வது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் மின்னியல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு; அது 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்துள்ளது. கடையில் ஓராண்டுக் குறியீடு மலிவாகக் கிடைத்து அதை வாங்குவதாக இருந்தால், கணக்கில் உள்ள தானியங்கிப் புதுப்பிப்பை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆண்டுக்கு இரண்டு முறை பணம் போகும்.

கேள்வி: இணையச் சந்தையில் ஒரு விற்பனையாளரிடம் மிகக் குறைந்த விலையில் செயற்படுத்தல் குறியீடு ஒன்றை வாங்கினேன். இந்த வட்டாரத்தில் இதைப் பயன்படுத்த முடியாது என்று மென்பொருள் சொல்கிறது. விற்பனையாளரோ விபிஎன் போட்டுக்கொண்டு செயற்படுத்தச் சொல்கிறார்.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அவர் சொல்வதைச் செய்யாதீர்கள். பல நிறுவனங்கள் வட்டாரத்துக்கு ஒரு விலை வைத்து விற்கின்றன. வேறு வட்டாரத்துக்கு உரிய குறியீட்டைக் குறுக்கு வழியில் செயற்படுத்தினால், பின்னால் நிறுவனம் அதை முடக்கிவிடலாம், அடுத்த முறை கணினி மாற்றும்போது அதே தடையும் வரும். அந்தச் சந்தையின் பணம் திரும்பப் பெறும் முறையில், அதற்குரிய நாள்களுக்குள், பிழைச் செய்தியின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) இணைத்துப் புகார் கொடுங்கள். அதில் பலன் இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. விற்பனையாளர் மலேசியாவில் இருந்தால்தான் இவ்வழி நடைமுறையில் உதவும் என்பதால், வாங்கும் முன்பே அவர் எங்கிருந்து விற்கிறார் என்று பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: புதிய கணினிக்கு மாறிய சில நாள்களில், என் வைரஸ் தடுப்புச் சந்தா பெரிய தொகைக்குப் புதுப்பிக்கப்பட்டுவிட்டதாகவும், வேண்டாமென்றால் ஒரு தொலைபேசி எண்ணை அழைக்குமாறும் மின்னஞ்சல் வந்தது. அழைக்கலாமா?
— இல்லத்தரசி, கெப்போங், கோலாலம்பூர்

பதில்: அழைக்காதீர்கள் அம்மா. நீங்கள் கணினி மாற்றியதற்கும் அந்த மின்னஞ்சலுக்கும் தொடர்பில்லை. புகழ்பெற்ற வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் பெயரில் இத்தகைய போலி ரசீதுகள் உலகெங்கும் கண்டபடி அனுப்பப்படுகின்றன. அழைத்தால் மறுமுனையில் இருப்பவர், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்; பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். மின்னஞ்சலில் உள்ள இணைப்பு எதையும் தொடாமல், உங்கள் வைரஸ் தடுப்புக் கணக்கை நேரடியாகத் திறந்து சந்தா முடியும் நாளைப் பாருங்கள். கடன்பற்று அட்டையின் கணக்கறிக்கையையும் பாருங்கள். இரண்டிலும் மாற்றம் இல்லையென்றால் மின்னஞ்சலை அழித்துவிடலாம். ஏற்கெனவே அழைத்து, செயலியையும் நிறுவியிருந்தால், கணினியை இணையத்திலிருந்து உடனே துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து உங்கள் வங்கியையும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்குள் தடுக்க வேண்டும் என்பதால், காவல் நிலையத்துக்குப் புறப்படுவதற்கு முன்பே இந்த அழைப்புகளைச் செய்யுங்கள். புகாரை அதன்பின் எழுதிக் கொடுக்கலாம்.